பட்டினிக் குடுவையும் ஸைத்தூன் சவர்க்காரமும்

நம் ஆய்வுகூடத்தின் இரசாயன அலுமாரியில், அமிலப் போத்தல்களுக்கு நடுவே ஒரு சவர்க்காரக் கட்டி ஏன் இருக்கிறது என்று புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் கேட்டாராம். இன்னொருவர் அதை எடுத்துக் கை கழுவவே போய்விட்டார் என்றும், யாரோ பாய்ந்து தடுத்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். தடுத்தவருக்கு நன்மை கிடைக்கட்டும். ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவளிடம் வேலை அனுபவம் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எதை எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கட்டியே வழிகாட்டிவிட்டது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் கனமூலை ஊர்க்காரி. வேலைக் காலம் முழுவதும் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்தவள். ஆராய்ச்சி செய்தது மற்றவர்கள். நான் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று, இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி என்று கேட்டுக் கேட்டு அவர்களுடைய உயிரை வாங்கினேன். எனக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

அது வரிசைகளின் காலம். டீசலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. ஆய்வுகூடத்தில் தர்ஷினி என்ற பிள்ளை தன் பட்ட ஆராய்ச்சியைச் செய்துகொண்டிருந்தாள். உடப்பு ஊர்ப் பிள்ளை, கடற்றொழில் குடும்பம். வந்த நாளிலிருந்தே என்னை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் நான் ஏதாவது கேட்டால் எரிச்சல்படாமல் இருந்து விளக்குவாள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அவள் வளர்த்தது ஒரு வகை ஈஸ்ட். பாண் ரொட்டிக்குப் போடும் ஈஸ்டின் இனம்தான், ஆனால் ஒரு குறையோடு உருவாக்கப்பட்டது. ஈஸ்ட் கலத்தைச் சுற்றியிருக்கும் மென்சவ்வு கொழுப்பமிலங்களால் ஆனது. கலத்துக்குள் இருக்கும் ஒரு நொதியம், நேராக நீண்டு கிடக்கும் கொழுப்பமிலச் சங்கிலியில் ஓரிடத்தில் ஒரு வளைவை உண்டாக்குகிறது. வேலை அவ்வளவுதான். அந்த வளைவு இல்லாவிட்டால் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், மென்சவ்வு இறுகும், கலம் செத்துப்போகும். முதன்முறை கேட்டபோது எனக்கு விளங்கவில்லை. தர்ஷினிதான், மழைக்காலத்துக் குளிர் விடியலில் போத்தலுக்குள் தேங்காய் எண்ணெய் கட்டியாகிறதே, மீன் எண்ணெய் ஏன் ஆவதில்லை என்று என்னிடமே திருப்பிக் கேட்டாள். மீன் எண்ணெயில் வளைவுகள் அதிகம். அன்று இரவு சமைத்துக்கொண்டே அதைப் பற்றித்தான் யோசித்தேன். ஒரேயொரு வளைவு, அதில் ஓர் உயிர் தொங்குகிறது.

தர்ஷினியின் ஈஸ்டில் அந்த நொதியம் இல்லை. வளைந்த கொழுப்பமிலத்தை நாம் வெளியிலிருந்து ஊட்டினால் உயிர் வாழும். ஊட்டாவிட்டால் செத்துவிடும். குறையாகத் தெரிந்தாலும் அவளுக்கு அதுதான் வசதி. சொந்தமாகச் செய்ய முடியாத ஈஸ்ட், எதைக் கொடுக்கிறோமோ அதையே எடுத்து மென்சவ்வில் வைத்துக்கொள்ளும். மீனின் கொழுப்பமிலத்தை ஊட்டி வளர்த்தால், அந்த ஈஸ்டையே இறால் குஞ்சுகளுக்குச் சத்துணவாகக் கொடுக்கலாம். இதை நிரூபிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அடுத்த மண்டபத்தில் நம்முடைய குஞ்சு பொரிக்கும் தொட்டிகள் இருப்பதும் அதற்குத் தோதாக இருந்தது.

ஆனால் காலம் தோதாக இருக்கவில்லை. மின்வெட்டில் ஆழ்குளிர்ப் பெட்டி நின்று, அதற்குள் சேமித்து வைத்திருந்த ஈஸ்ட் எல்லாம் போய்விட்டது. மிஞ்சியது மேசையில் வளர்ந்துகொண்டிருந்த ஒரே ஒரு குழாய். வெளிநாட்டிலிருந்து அதை அனுப்பிய பேராசிரியர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், பொதிகளும் வருவதில்லை. ஊட்டுவதற்கு வைத்திருந்த வளைந்த கொழுப்பமிலமான ஒலெயிக் அமிலத்தின் போத்தலும் அடியைத் தொட்டிருந்தது. அந்தக் குழாய் செத்தால் அவளுடைய படிப்பும் அதோடு முடிந்தது. பல்கலைக்கழகம் இனிமேல் தவணை தராது என்று சொல்லிவிட்டதாக அவள் ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவே இல்லை.

அமிலத்துக்குப் பதிலாக வீட்டு எண்ணெய்களையும் போட்டுப் பார்த்தோம். என் வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய், மக்காவுக்கு உம்றா போன என் மூத்த சகோதரர் நானா கொண்டுவந்த ஸைத்தூன் (ஒலிவ்) எண்ணெய், கண்டக்குழியில் ஒரு படகுக்காரரிடம் வாங்கிய மீன் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் ஒன்றும் நடக்காது என்பது தெரிந்ததுதான். ஆனால் மற்ற இரண்டிலும் வளைந்த கொழுப்பமிலம் நிறைய இருந்தும் ஈஸ்ட் வளரவில்லை. எண்ணெயில் கொழுப்பமிலங்கள் மூன்று மூன்றாகச் சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கும், இந்த ஈஸ்டுக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது என்றாள் தர்ஷினி. முதலே தெரிந்திருந்தும் வேறு வழியில்லாமல்தான் முயன்றிருக்கிறாள். எண்ணெய்க்குக் கீழே பட்டினி கிடந்து செத்த அந்த ஈஸ்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

ஈஸ்ட் தன் குறையோடுதான் இருக்கிறதா என்று பார்க்க, வாராவாரம் ஒரு சோதனை வைப்போம். கொழுப்பமிலம் சேர்க்காத சத்துநீரில் கொஞ்சம் ஈஸ்டை விட்டு வைப்பது. நான் அதற்குப் பட்டினிக் குடுவை என்று பெயர் வைத்திருந்தேன். சத்துநீர் கண்ணாடி போல் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினால் உள்ளே ஏதோ வளர்கிறது என்று பொருள். அன்று மூன்று பட்டினிக் குடுவைகளில் இரண்டு கலங்கியிருந்தன.

தர்ஷினி கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு குடுவைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் சேர் உள்ளே வந்தார்.

சேர் எங்கள் பொறுப்பதிகாரி. சிலாபத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். எனக்கு வேலை பழக்கியவரும் அவர்தான். கோபக்காரர் என்று பெயர், ஆனால் காரணமில்லாமல் கோபப்பட்டதை நான் பார்த்ததில்லை. குடுவைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, வெளி ஈஸ்ட் புகுந்துவிட்டது என்று முடிவு சொன்னார். சுற்றிவரத் தென்னந்தோட்டம், கள் இறக்குகிற மரங்கள், காற்றிலேயே ஈஸ்ட் பறக்கும் ஊர் இது. முன்பு ஒரு தடவை இதே போல் ஒன்று புகுந்து பொரிப்பு மண்டபத்துக் குஞ்சுகளையெல்லாம் அவர் இழந்திருக்கிறார். இப்போதும் அங்கே தொட்டிகள் நிறையக் குஞ்சு. அவற்றை நம்பிப் பண்ணைக்காரர்கள் குளங்களைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் குளோரினில போடுங்க," என்றார் என்னிடம். "குழாயையும்தான். இது பொரிப்பு மண்டபத்துக்குப் போனா நாம எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் பிழையில்லை. நானும் உடனே குளோரின் போத்தலை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். பதற்றமான நேரத்தில் கையில் ஒரு வேலை கிடைத்தால் மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஊற்றிவிட்டால் முடிந்தது, கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, தங்கைமாரே. நெருக்கடியில் மிக இலேசான வேலை அழிப்பதுதான், செய்யும்போது அது பொறுப்பான வேலை போலவே இருக்கும்.

மூடியைத் திறந்துவிட்டேன். ஆனால் என் பாழாய்ப்போன ஆர்வம் விடவில்லை. கலங்கிய இரண்டையும் விட்டுவிட்டுத் தெளிந்து நின்ற மூன்றாவதைப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே குழாயிலிருந்து, ஒரே நேரத்தில், அடுத்தடுத்து விட்ட ஈஸ்ட். குழாயே கெட்டிருந்தால் இதுவும் கலங்கியிருக்க வேண்டும். காற்றிலிருந்து விழுந்தது என்றால், இரண்டிலும் அளந்து போட்டது போல் ஒரே அளவு கலங்கல் எப்படி வந்தது? இது மட்டும் ஏன் சொன்னபடி பட்டினி கிடந்தது?

கேள்வி வந்த பிறகு என்னால் ஊற்ற முடியவில்லை. மூடியைத் திருப்பிப் போட்டுவிட்டு, அந்தக் குடுவைக்கு என்ன விசேஷம் என்று தர்ஷினியிடம் கேட்டேன். ஒரு விசேஷமும் இல்லை என்றாள். பிறகு, முந்தின வாரம் ஒன்று கை தவறி உடைந்துபோனதால் பெட்டியிலிருந்து புதிதாக எடுத்தது அது என்றாள்.

"அப்ப கழுவாததா?"

"ஓம் ராத்தா. தொற்று நீக்கினது மட்டும்தான். மத்த ரெண்டும் நான் கழுவினது."

நான் கழுவுதொட்டிக்குப் போனேன். கவிழ்த்து வைத்திருந்த மற்றக் குடுவைகளில் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உட்சுவரில் மெல்லிய வெள்ளைப் படலம். மோந்து பார்த்தேன். தெரிந்த வாசம், ஆனால் ஆய்வுகூடத்து வாசம் இல்லை. திரும்பிப் பார்த்தால், குடுவை தேய்க்கும் தூரிகைக்குப் பக்கத்தில், பாதி தேய்ந்துபோன பச்சைநிற ஸைத்தூன் சவர்க்காரக் கட்டி. நானா உம்றாவிலிருந்து கொண்டுவந்து சொந்தபந்தத்துக்கெல்லாம் பங்கிட்டதில் எனக்குக் கிடைத்தது. முகத்துக்கு நல்லது என்று தர்ஷினிக்கு ஒன்றை நான்தான் கொடுத்திருந்தேன்.

நடந்தது இதுதான். எண்ணெய்ச் சோதனை நடந்த சமயத்தில் கழுவும் தூள் இன்னும் இருந்தது. பிறகு அது தீர்ந்து, கடைகளிலும் கிடைக்கவில்லை. வாசனைப் பொடி கலந்த சலவைச் சவர்க்காரத்தைக் குடுவைக்குப் போட அவளுக்கு மனம் வரவில்லை. தன்னிடம் இருப்பதிலேயே கலப்படமில்லாதது ராத்தா தந்த கட்டிதான் என்று நினைத்து, முகத்துக்குப் போடாமல் குடுவைக்குப் போட்டிருக்கிறாள். கடைசியாக அலசக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். வடிக்க மின்சாரம் இல்லை. பவுசர் லொறியில் வரும் நல்ல தண்ணீரும் டீசல் இல்லாமல் நின்றுபோனது. மிச்சம் நம் கிணற்றுத் தண்ணீர். அதில் சவர்க்காரம் போட்டால் நுரை வராது, வெள்ளையாகத் திரண்டு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கரையில் குடித்தனம் நடத்துகிற எவருக்கும் குளியலறை வாளியைப் பார்த்தாலே அது தெரியும்.

நான் கட்டியை எடுத்துக்கொண்டுபோய் தர்ஷினியின் முன்னால் வைத்தேன். இது எதில் செய்தது என்று மட்டும் கேட்டேன். அவள் கட்டியைப் பார்த்தாள், கலங்கிய குடுவையைப் பார்த்தாள், திரும்பக் கட்டியைப் பார்த்தாள். அவள் முகத்துக்கு இரத்தம் திரும்பி வருவதை நான் என் கண்ணால் கண்டேன்.

"ஸைத்தூன் எண்ணெய்ல காரம் போட்டுக் காய்ச்சினது," என்றாள் மெதுவாக. "காரம் போட்டா பூட்டுத் திறந்திரும் ராத்தா. ஒலெயிக் அமிலம் தனியா வந்திரும். சத்துநீர் புளிப்புத்தானே, அது ஒட்டினதைக் கரைச்சிருக்கும். ஈஸ்ட் அதைச் சாப்பிட்டிருக்கு. பட்டினி கிடக்கேல்ல."

கவனியுங்கள், கட்டியைக் கண்டுபிடித்தது நான்தான். ஆனால் அது எப்படிச் சாப்பாடாகும் என்று நான் ஆயிரம் வருஷம் யோசித்திருந்தாலும் எனக்கு எட்டியிருக்காது. அவளும் தனியே அந்தக் கட்டியைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டாள். தன் கையால் பார்த்துப் பார்த்துக் கழுவியதை யார் சந்தேகப்படுவார்கள்? பக்கத்தில் நின்று கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

ஆனால் இதெல்லாம் இன்னும் ஊகம்தான். தன் அறைக்குத் திரும்பியிருந்த சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கதை நல்ல கதை, ஆனால் உள்ளே இருப்பது கள்ளு ஈஸ்டாக இருந்தாலும் இதே கதையைச் சொல்லலாமே என்றார். அது நியாயம். சோதித்துப் பார்க்க நாளைப் பகல் வரைக்கும் தாருங்கள் என்றேன். பெட்டியில் இன்னும் சில புதுக் குடுவைகள் இருந்தன. கலங்கிய குடுவைகளின் ஈஸ்டையே அவற்றில் விட்டு, பாதிக்குச் சவர்க்காரம் சீவிப் போடுவது, பாதிக்கு ஒன்றும் போடாமல் விடுவது. ஒன்றும் போடாததில் ஒன்று கலங்கினாலும் எல்லாவற்றையும் குளோரினில் போட்டுவிடுவேன் என்றேன்.

"அதுக்குள்ள பொரிப்பு மண்டபத்துக்குப் போயிட்டா யார் பொறுப்பு?"

"நான்தான் சேர். அறையைப் பூட்டி, நான் வெளியில இருக்கிறன். ஒருத்தரும் இங்கேருந்து அங்க போகமாட்டாங்க."

சொல்லிவிட்டேன். தொட்டிகளில் ஏதாவது நடந்திருந்தால் பொறுப்பு என்ற ஒரு சொல் என்னத்துக்கு ஆகும்? அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "ஹரி, சரி, நாளைக்குப் பகல் வரைக்கும்," என்றார். பொரிப்பு மண்டபத்துப் பக்கக் கதவை அவரே போய்ப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் என்னை நம்பினாரா, நான் வைத்த நிபந்தனையை நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நீங்கள் மேலதிகாரியிடம் அவகாசம் கேட்கும்போது, எது நடந்தால் தோல்வியை ஒத்துக்கொள்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். வெறும் கெஞ்சலுக்கு அவகாசம் கிடைப்பது அருமை.

தர்ஷினி சவர்க்காரத்தை நகநுனி அளவுதான் சீவிப் போட்டாள். கூடினால் அதுவே ஈஸ்டைக் கொன்றுவிடும். வேலை முடிந்ததும் அவளை வீட்டுக்குப் போகச் சொன்னேன். போக மாட்டேன் என்றாள். அறை வாசலில் கதிரை போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, இது பொய்த்துப்போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அப்பா வலைவேலைக்குக் கூப்பிடுகிறார் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் எழுந்துபோய்க் கதவுப் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

மறுநாள் பகல் மூன்று பேரும் ஒன்றாக உள்ளே போனோம். நான் பிஸ்மி சொல்லிக் கதவைத் திறந்தேன். சவர்க்காரம் போட்ட குடுவைகள் எல்லாம் பால் கலந்தது போல் கலங்கி நின்றன. தர்ஷினி அவற்றைப் பார்க்கவே இல்லை. ஒன்றும் போடாத குடுவைகளைத்தான் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலில் பிடித்தாள். தெளிவு. அடுத்ததும் தெளிவு. கடைசிக் குடுவையைச் சேர் அவள் கையிலிருந்து வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெளி ஈஸ்ட் ஒண்டும் இல்ல," என்றார். "உங்கட பிள்ளைதான். பசியோட இருக்கு."

அப்புறம்தான் தர்ஷினி அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். சேர் மேசையிலிருந்த குளோரின் போத்தலைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போனார். வாசலில் நின்று திரும்பி, அந்தச் சவர்க்காரம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். ஒலெயிக் அமிலப் போத்தல் காலியாகப்போவது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். அன்று பின்னேரம் நான் நானா வீட்டுக்குப் போய், மதினி பெட்டியில் பொத்திப் பொத்தி வைத்திருந்த கட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்டதற்கு, பசியில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு என்றேன். சவர்க்காரத்தையா என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

"முகத்துக்குத் தந்ததைக் குடுவைக்குப் போட்டுட்டன், கோவிக்காதீங்க ராத்தா," என்றாள் தர்ஷினி, நான் கட்டிகளைக் கொடுத்தபோது. உன் முகம் இன்றைக்கு ஒன்றும் போடாமலே நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

நீங்கள் இப்போது அலுமாரியில் பார்ப்பது அந்தப் பச்சைக் கட்டி இல்லை. டப்பாவின் மூடியைத் திறந்தவர்களுக்கு மூக்கே சொல்லியிருக்கும். ஸைத்தூனுக்குத் திறந்த பூட்டு மீன் எண்ணெய்க்கும் திறக்கும் அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டு தர்ஷினி தன் ஆராய்ச்சியை முடித்தாள். உடப்பில் அவளுடைய அம்மா மீன் எண்ணெயில் காரம் போட்டுக் காய்ச்சிக் கொடுத்த கட்டி அது, தீரத் தீரப் புதிதாக வரும். அதில் கை கழுவினால் மூன்று நாளைக்கு உங்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஆனாலும் மரியாதையாக மூடி வையுங்கள். அந்தக் கட்டியைத் தின்றுதான் தர்ஷினியின் ஈஸ்ட் இன்றைக்கும் வளர்கிறது. சேர் அன்று பூட்டிய கதவைத் திறந்துகொண்டு, காலையும் மாலையும் நீங்கள் பொரிப்பு மண்டபத்துக்கு எடுத்துப்போய்க் குஞ்சுகளுக்குப் போடுவது அந்த ஈஸ்டைத்தான்.